படத்தில் விழாத தழும்பு

மாலை நான்கு மணி இருபது நிமிடம். அறைக் கதவு திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது கட்டிலில் விரித்திருந்த நீலச் சாரமும், அதன் நடுவில் இருந்த பால்மாத் தகர ரின்னும்தான். ரின்னுக்குள் அரை மட்டத்துக்கு அரிசி. ஈரம் பிடிக்காதிருக்க, அரிசிக்குள் லென்ஸ்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ரயில் பாதைக்குக் கிட்ட இருந்த லொட்ஜ் அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. லென்ஸை விற்றவர் யாழ்ப்பாணத்தில் கலியாணப் படங்கள் எடுத்தவர். வெளிநாடு போவதற்கு ஏஜென்சிக்காரர் சொல்லும் நாளுக்காக அந்த அறையில் காத்திருந்தார். வாங்க வந்தவர் கொட்டாஞ்சேனையில் ஸ்ரூடியோ வைத்திருந்த என் நண்பர். நான் பார்த்துச் சொல்ல வந்தவன்.

அப்போது நான் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தேன். படங்களை அச்சுக்குத் தயாரிக்கும் பெரிய கமெரா என் மேசைக்கு அடுத்த அறையில் இருந்தது. அங்கே வேலை செய்தவர்களோடு தேநீர் குடித்துக் குடித்தே லென்ஸ் பார்க்கப் பழகிவிட்டேன். பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போவது காலப்போக்கில் வழக்கமாயிற்று. பொம்பிளை பார்க்கப் போகும்போது மாமாவைக் கூட்டிப் போவதுபோல என்று நண்பர் பகிடி பண்ணுவார்.

பழைய லென்ஸில் பளிச்சென்று தெரியும் குறைகள் பெரும்பாலும் ஆபத்தில்லாதவை. முன் கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தால் அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம், படம் கெடாது. உள்ளே நாலைந்து தூசி கிடந்தால் கிடக்கட்டும். பூஞ்சணம் பொல்லாதது. சிலந்தி நூல்போல ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வளரும். கொழும்பின் கடற்காற்றில், தோல் உறைக்குள் பூட்டி வைத்த லென்ஸ் இரண்டு மழைக்குள் பூத்துவிடும். ஆனால் அதுகூடக் கண்ணுக்குத் தெரியும். தெரியாதது மூட்டம். லென்ஸின் உள்ளே பூசிய கிறீஸ் வெக்கையில் ஆவியாகி, கண்ணாடிகளின் உட்பக்கத்தில் படியும். எல்லா இடத்திலும் ஒரே சீராகப் படிவதால், படிந்திருக்கிறது என்பதே தெரியாது. வெளிச்சமான வானத்தை நோக்கிப் பிடித்தால் தூசிதான் தெரியும். மூட்டத்தைப் பார்க்க இருட்டும் டோர்ச்சும் வேண்டும். லென்ஸின் துவாரத்தை முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து டோர்ச்சைச் சரித்துப் பிடித்து, வெளிச்சம் நேரே கண்ணில் அடிக்காதபடி முன்னாலிருந்து பார்க்க வேண்டும். நல்ல லென்ஸின் உட்புறம் கறுப்பாகவே இருக்கும். மூட்டம் இருந்தால் யாரோ உள்ளே ஊதிவிட்டதுபோல வெளுக்கும்.

அன்று என்னிடம் டோர்ச் இல்லை. பாமன்கடையில், என் வீட்டு அலுமாரித் தட்டில் கிடந்தது. முந்திய கிழமை எங்கள் அலுவலகத்தில் ஒப்புநோக்குபவர் ஒருவரைக் கொள்ளுப்பிட்டியில் பஸ்ஸிலிருந்து இறக்கிச் சோதித்தார்கள். அவருடைய பையில் நான்கு பற்றரிகள் இருந்தன. வடக்குக்குக் கொண்டுபோகத் தடை செய்த பொருட்களில் பற்றரியும் ஒன்று. அவருடைய அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. வீட்டு ரேடியோவுக்கு வாங்கியவை என்று மூன்று மணித்தியாலம் சிங்களத்தில் விளங்கப்படுத்திய பிறகே விட்டார்கள். அதைக் கேட்ட அன்றே என் பையிலிருந்த டோர்ச்சை எடுத்து வைத்துவிட்டேன். அந்த நாட்களில் நாங்கள் பலரும் பையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டிருந்தோம்.

லொட்ஜ் மனேஜரின் மேசையில் ஒரு டோர்ச் இருந்ததை ஏறி வரும்போதே கண்டிருந்தேன். கேட்டால் தந்திருப்பார். ஆனால் லொட்ஜுக்கு வருகிறவர்களின் பெயரைப் பொலிஸ் பார்க்கும் புத்தகத்தில் எழுத வேண்டும். நாங்கள் எழுதவில்லை. அறைக்காரரின் ஒன்றுவிட்ட தமையன்மார் என்று சொல்லிவிட்டு ஏறி வந்திருந்தோம். கீழே போய் டோர்ச் கேட்டால் எதற்கு என்று ஒரு கேள்வி வரும். விற்பவர் கட்டிலில் இருக்காமல் நின்றுகொண்டே இருந்தார். கெதியாக முடிந்தால் நல்லது என்று இரண்டு தரம் சொன்னார்.

ஆகவே ஜன்னலடியில் வைத்துப் பார்த்தேன். மேற்கு ஜன்னல், கடல் வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது. உள்ளே இரண்டு தூசி. பூஞ்சணம் இல்லை. துவாரத் தகடுகள் காய்ந்து சுத்தமாக இருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விற்பவர் லென்ஸ் வந்த வழியைச் சொன்னார். கிளாலிக் கடலில் வள்ளத்தில் வரும்போது அதை மடியிலேயே வைத்திருந்தாராம். வவுனியாவில் கொழும்புக்கு வரும் பாஸ் கிடைக்கும் வரை ஒன்பது நாள் தகரக் கொட்டில் ஒன்றில் தங்க நேர்ந்ததாம். பகலில் தகரத்தின் கீழ் மனிதர் இருக்க முடியாது, வெளியே மரத்தடியில் இருப்போம் என்றார். ரின் கொட்டிலுக்குள்ளேயே இருந்தது.

ஒன்பது நாள் தகரச் சூடு. ஒரு செய்தியாளர் இப்படி ஒரு தகவலைக் கொண்டுவந்து தந்தால், அதை வைத்து அடுத்த கேள்வி கேட்கச் சொல்லியிருப்பேன். நான் கேட்கவில்லை.

“நல்லது. எடுக்கலாம்” என்றேன்.

நான்கு இருபத்தாறுக்குப் படியிறங்கினோம். லென்ஸை நண்பர் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்திருந்தார்.

நண்பர் முன்பு துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு, கொட்டாஞ்சேனையில் தேவாலயத்துக்குப் போகும் தெருவில் ஒரு கடை அகலத்துக்கு ஸ்ரூடியோ போட்டிருந்தார். முன்னால் கண்ணாடி அலுமாரி, அதற்குள் முதல் நற்கருணை வாங்கிய பிள்ளைகளின் படங்கள். பின்னால் இரண்டு விளக்குகள், ஒரு ஸ்ரூல், வெள்ளைத் திரை. அதற்கும் பின்னால் இருட்டறை. அந்த வருடங்களில் அவருக்குப் பெரும்பாலும் அடையாளப் படங்களே வேலை. வடக்கு கிழக்கிலிருந்து வந்து லொட்ஜுகளில் தங்கியவர்கள் பொலிஸில் பதிய வேண்டும், அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும், விசாவுக்குக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் படம் வேண்டும். புதிதாக வாங்கிய லென்ஸை அடையாளப் படம் எடுக்கும் கமெராவில் பொருத்தினார். முகம் எடுப்பதற்கென்றே செய்த லென்ஸ்.

இரண்டு மாதத்தில் ஸ்ரூடியோவுக்கு முன்னால் ஆட்கள் நிற்கத் தொடங்கினார்கள். காரணத்தை நண்பர் சிரித்துக்கொண்டு சொன்னார். அவரிடம் எடுத்தால் எல்லோரும் வெள்ளையாக வருகிறார்களாம். கனடாவுக்குக் கலியாணம் பேசப் பெண்ணின் படம் எடுக்க நீர்கொழும்பிலிருந்துகூட வந்தார்கள். பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்மணி தன் மகளின் படத்தைப் பார்த்து, அழகு என்று சிங்களத்தில் லஸ்ஸணய், லஸ்ஸணய் சொல்லித் தெருவெல்லாம் காட்டிக்கொண்டு போனார். எனக்கு ஒரு நல்ல சாப்பாடு போட வேண்டும் என்று நண்பர் சொல்லிச் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டும்விட்டார். நண்டுக் கறி.

அந்தச் சாப்பாட்டில்தான் அவர் இன்னொன்றும் சொன்னார். நெகட்டிவ் கொஞ்சம் மெல்லிதாக, சாம்பலாக வருகிறது. ஆனால் நாலாம் நம்பர் பேப்பரில் போட்டால் சரியாகிவிடுகிறது என்றார். நாலாம் நம்பர் கடுமையான பேப்பர். வெள்ளையை மிக வெள்ளையாக்கும், கறுப்பை மிகக் கறுப்பாக்கும். படம் கழுவும் மருந்து பழசாக இருக்கும், மாற்று என்றேன். நண்டின் காலை உடைத்துக்கொண்டே சொன்னேன்.

லென்ஸ் வாங்கிப் பத்து மாதத்தின் பின், ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு தாய் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்.

காணாமற்போனவர்கள் பற்றிய அறிவித்தல்களை எங்கள் பத்திரிகை இலவசமாகப் போட்டது. அவற்றை வாங்கி, எழுத்தைத் திருத்தி, படத்தை அளவு பார்த்து அனுப்புவது என் வேலைகளில் ஒன்று. வருகிறவர்கள் பெரும்பாலும் தாய்மார். பிளாஸ்ரிக் உறையில் பத்திரங்களைக் கொண்டுவருவார்கள். இந்தத் தாய் கொண்டுவந்தது ஒரேயொரு படம். மகனுக்கு இருபத்துமூன்று வயது. வெளிநாடு போகவென்று கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் தங்கி, பொலிஸில் பதிவதற்காகப் படம் எடுத்தவர். எடுத்து இரண்டாம் கிழமை, சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. நான்கு பிரதிகளில் மிஞ்சியது இது. ஊரில் இருந்த படங்கள் வீட்டோடு போய்விட்டன.

படத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் ஊதா மையில் நண்பரின் ஸ்ரூடியோ முத்திரை இருந்தது. அதை ஒரு தெரிந்த முகத்தைக் கண்டதுபோலத்தான் எடுத்துக்கொண்டேன். வேறொன்றும் தோன்றவில்லை.

பத்திரிகையில் வந்த படத்தில் இரண்டு கண்ணும் மீசையும் மட்டும் இருந்தன. அச்சில் புள்ளி புள்ளியாக உடையும்போது மெல்லிய சாம்பல்கள் எல்லாம் போய்விடும். ஏற்கெனவே வெளுத்த முகத்தில் மிஞ்ச ஒன்றும் இல்லை. கன்னமும் காதும் பின்திரையோடு கலந்துவிட்டன. அடுத்த செவ்வாய்க்கிழமை தாய் பத்திரிகையை மடித்துக்கொண்டு வந்தார்.

“தம்பி, பிள்ளையின்ர முகம் விளங்கேல்லை. கொஞ்சம் பெரிசாப் போடேலாதோ?”

ஒரு பத்தி அகலத்துக்கு மேல் போட முடியாது என்பதை விளங்கப்படுத்தினேன். மகனுடைய வலது கன்னத்தில் ஒரு தழும்பு இருக்கிறது, ஒன்பது வயதில் சைக்கிளால் விழுந்து பிரேக் கம்பி கிழித்தது, அது படத்தில் விழவேயில்லை என்றார். தழும்பு தெரிந்தால் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள் என்றார். அச்சுக் குறை என்று நினைத்து, பக்கத்து அறைக்காரர்களிடம் கொஞ்சம் கவனமாக எடுக்கச் சொன்னேன். இரண்டாம் தரமும் இரண்டு கண்ணும் மீசையும்தான் வந்தன.

மூன்றாம் கிழமை தாய் ஒரு செய்தியோடு வந்தார். ஒரு தடுப்பு முகாமில் எட்டு மாதம் வைத்திருந்த இளைஞர் ஒருவரை விட்டுவிட்டார்கள். வெள்ளவத்தையில் பெரியம்மா வீட்டில் இருக்கிறார். படங்களைக் கொண்டு போகிறவர்களுக்குப் பார்த்துச் சொல்கிறார். தாய் என்னையும் வரச் சொன்னார். பேப்பர் ஆள் வந்தால் அவர் மதித்துக் கதைப்பார் என்பது தாயின் எண்ணம்.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் போனோம். இளைஞர் சுவரோடு முதுகை ஒட்டி நாற்காலியில் இருந்தார். முழுக்கைச் சேட், மணிக்கட்டுப் பொத்தான் வரை பூட்டியிருந்தது. பெரியம்மா தேநீர் கொண்டுவந்தார். தாய் படத்தை உடனே எடுக்கவில்லை. முதலில் அங்கே சாப்பாடு தருவார்களா என்று கேட்டார். தருவார்கள் என்றார் இளைஞர். வயிறு நிறையவா என்று கேட்டார். அதற்கு அவர் தேநீரைக் குடித்தார்.

பிறகு தாய் படத்தைக் கொடுத்தார்.

இளைஞர் முதலில் ஒரு கணம் பார்த்தார். பிறகு எழுந்து ஜன்னலடிக்குப் போய் நெடுநேரம் பார்த்தார். அவர் பார்த்த அந்த வரிசையை நான் மனதில் குறித்துக்கொண்டேன். குறித்தேனே தவிர விளங்கிக்கொள்ளவில்லை.

தாய் பொறுக்க முடியாமல் தழும்பைச் சொன்னார். தன் கன்னத்திலேயே விரலால் கீறிக் காட்டினார்.

“படத்தில தழும்பு இல்லையே அம்மா” என்றார் இளைஞர்.

“படத்தில விழேல்லை தம்பி. ஆனா இருக்குது. நான் பெத்தனான், எனக்குத் தெரியாதே.”

இளைஞர் படத்தை அவருடைய கையிலேயே திருப்பி வைத்தார். இதுவரை ஆறு அம்மாமார் வந்துவிட்டார்கள் என்று மெதுவாகச் சொன்னார். அங்கே கண்ட ஒருவரைப் பற்றித் தான் என்ன அடையாளம் சொன்னாலும் அந்த அம்மா ஓம், அதுதான் என்கிறார். மச்சம் என்றால் மச்சம், சொத்தைப் பல் என்றால் சொத்தைப் பல். ஆகவே தான் வாய்ச்சொல்லைக் கேட்பதில்லை, படத்தைத்தான் பார்ப்பது.

“இவர் எங்களோட இருக்கேல்லை அம்மா.”

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். வீதியில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கோயிலுக்குப் போகிறவர்கள், மீன் வாங்கித் திரும்புகிறவர்கள். பஸ் வருவதற்கு முன் தாய் படத்தை உறைக்குள் வைத்து, உறையைப் பைக்குள் வைத்து, பையின் சிப்பை இழுத்து மூடினார்.

“இந்தப் படத்தை எடுத்தவன் விளங்கமாட்டான்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அலுத்துப்போன குரல்.

பஸ்ஸில் அவருக்கு இடம் கிடைத்தது. நான் நின்றுகொண்டு வந்தேன். மெல்லிய சாம்பல் நெகட்டிவ், நாலாம் நம்பர் பேப்பர், வெள்ளையாக வரும் முகங்கள், தகரக் கொட்டில். கொள்ளுப்பிட்டி தாண்டுவதற்குள் நான்கும் ஒரே வரியில் வந்து நின்றன.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்ரூடியோவுக்குப் போனேன். லென்ஸைக் கழற்றிக்கொண்டு இருட்டறைக்கு வா என்றேன். நண்பரின் இருட்டறையில், மருந்துத் தட்டுக்கு மேலே, ஆணியில் ஒரு டோர்ச் எப்போதும் தொங்கும். லென்ஸ் அந்த டோர்ச்சுக்கு இரண்டு முழத் தூரத்தில் பதினொரு மாதம் இருந்திருக்கிறது.

கதவைச் சாத்தி, துவாரத்தை முழுக்கத் திறந்து, வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்தேன். உள்ளே பால் ஊற்றியதுபோல இருந்தது. விளிம்பு முதல் விளிம்பு வரை, ஒரே சீராக. வெள்ளைத் திரையின் வெளிச்சமெல்லாம் அதில் பட்டுச் சிதறி முகத்தின் மேல் வந்து படிந்திருக்கிறது. மாநிறத்தில் ஒரு மெல்லிய வெளிர் தழும்பு அதற்குள் நிற்க வழியில்லை.

லென்ஸை நண்பரிடம் கொடுத்தேன். அவரும் பார்த்தார்.

“நீ பாத்துத்தானே மச்சான் சொன்ன” என்றார்.

ஓம் என்றேன்.

அவர் சுவர்த் தட்டைப் பார்த்தார். பதினொரு மாத நெகட்டிவ்கள் சப்பாத்துப் பெட்டிகளில் வரிசையாக அடுக்கியிருந்தன.

“அவ்வளவுமா?”

“அவ்வளவும்.”

நான் வந்தது அதற்காக மட்டுமல்ல. அந்த இளைஞர் படத்தைத்தான் நம்புவேன் என்கிறார்; சரி, படத்தாலேயே அவருக்குக் காட்ட வேண்டும் என்று பஸ்ஸிலேயே நினைத்துவிட்டேன். நண்பரின் நாடியில், வாய்க்குக் கீழே, துறைமுகக் காலத்தில் பாரந்தூக்கியின் கொக்கி உரசிப்போன ஒரு தழும்பு இருந்தது. அவரை ஸ்ரூலில் இருத்தி, விளக்குகளையும் திரையையும் அசைக்காமல், மூட்டத்தோடு ஒரு படம் எடுத்தேன். பிறகு அவர் லென்ஸின் பின் வளையத்தைக் கழற்றினார். ஸ்பிரிற்றும் மெல்லிய துணியும் போதுமாயிருந்தன. துடைத்த துணியில் இலேசான மஞ்சள் கறை, அவ்வளவுதான். கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்ட இருபத்தைந்து நிமிடம் ஆனது. மறுபடி டோர்ச்சைப் பிடித்தபோது உள்ளே கறுப்பாக இருந்தது.

இரண்டாம் படம் எடுத்தேன். இரண்டையும் ஒரே பேப்பரில், ஒரே தட்டில், ஒரே நேரத்தில் போட்டார். முதல் படத்தில் நண்பரின் நாடி பளிங்குபோல இருந்தது. இரண்டாவதில் தழும்பு மெதுவாக ஏறி வந்தது. நண்பர் தட்டை ஆட்டுவதை நிறுத்திவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு, இரண்டு படங்களையும் ஒரு கடித உறையில் போட்டுக்கொண்டு இளைஞரைப் பார்க்கப் போனேன். தாயைக் கூட்டிப் போகவில்லை. முதலில் இவரிடம் ஓம் வாங்கிக்கொண்டு பிறகு அவரிடம் போகலாம் என்று எண்ணினேன். ஒரு நல்ல செய்தியைக் கொண்டுபோகிறவனுடைய அவசரம் என்னிடம் இருந்தது. அதை மறைக்கத் தேவையில்லை.

சுருக்கமாகச் சொன்னேன். படம் எடுத்த லென்ஸ் எனக்குத் தெரியும், அதைப் பார்த்து நல்லது என்று சொன்னவன் நான், அதில் குறை இருந்தது, அந்தக் குறை முகத்தின் அடையாளங்களை அழித்துவிடும், இதோ ஒரே ஆளின் இரண்டு படங்கள். அவர் இரண்டையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலின் மேல் வைத்தார். கனநேரம் பார்த்தார். பிறகு பெரியம்மாவைக் கூப்பிட்டு, அண்ணைக்குத் தேத்தண்ணி போடுங்கோ என்றார். அவர் குசினிக்குள் போகும் வரை பொறுத்திருந்தார்.

“அண்ணை, எனக்கு இதொண்டும் தேவையில்லை. அந்தப் படத்தைக் கண்ட உடன தெரியும்.”

எனக்கு விளங்கவில்லை. தழும்பு இல்லை என்று சொன்னீர்களே என்றேன்.

“அந்த அம்மா வந்தவுடன என்ன கேட்டவ? சாப்பாடு தருவாங்களோ எண்டு கேட்டவ. அவவுக்கு நான் என்னெண்டு சொல்ல? தழும்பு இல்லாதது எனக்கு உதவினது.”

தானும் அந்த மகனும் பத்தொன்பது நாள் அடுத்தடுத்துப் படுத்திருந்தார்கள் என்றார். சைக்கிளில் விழுந்த கதையும் அவருக்குத் தெரிந்திருந்தது. பிரேக் கம்பி என்பதும் தெரிந்திருந்தது. இருபதாம் நாள் காலைத் தேநீருக்குப் பிறகு அந்த மகனையும் சேர்த்து மூன்று பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பின்னேரம் மற்ற இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். திரும்பி வந்தவர்கள் தாங்கள் கண்டதைச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதை இளைஞர் எனக்குச் சொன்னார். என் சேட் பையில் குறிப்புப் புத்தகமும் பேனாவும் இருந்தன. நான் எழுதவில்லை.

குசினியில் கோப்பையில் கரண்டி ஆடும் சத்தம் கேட்டது. இளைஞர் இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து உறைக்குள் போட்டு என்னிடம் தந்தார்.

“இதை அவவுக்குக் காட்டாதேங்கோ. சொல்லிறதெண்டா நீங்கள் சொல்லுங்கோ அண்ணை. என்னால ஏலாது.”

தேநீரில் சீனி கூடுதலாக இருந்தது. குடித்துவிட்டு வந்தேன். பாமன்கடைக்கு நடந்தே போனேன். வழியில் யாரும் நிறுத்தவில்லை.

தாயின் விலாசம் என்னிடம் இருந்தது. கொட்டாஞ்சேனை, ஸ்ரூடியோவிலிருந்து இரண்டு தெரு தள்ளி. புதன்கிழமை அந்தத் தெரு முனை வரை போனேன். வியாழக்கிழமை போகவில்லை. வெள்ளிக்கிழமை நண்பர் தொலைபேசியில், அந்த இளைஞர் ஒத்துக்கொண்டாரா என்று கேட்டார். ஓம் என்றேன். நல்லது மச்சான் என்றார். அதற்கு மேல் நானும் சொல்லவில்லை. அவர் அன்று முதல் பழைய வாடிக்கைக்காரர்களுக்கு ஆள் அனுப்பி, திரும்ப வந்து இலவசமாகப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர்களில் சிலர் புதுப் படத்தைப் பார்த்துவிட்டு, முன்னையது வெள்ளையாக இருந்தது, அதுவே போதும் என்று சொல்லிப் போனார்களாம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தாய் வழக்கமான நேரத்துக்கு வந்தார். காலையில் தோய்ந்த ஈரத் தலை, நெற்றியில் திருநீறு. எனக்கு முன்னால் இருந்த நாற்காலியில் இருந்து, படத்தை உறையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். அறிவித்தலை இந்தக் கிழமையும் போடச் சொன்னார். அந்தப் பிள்ளை இருந்த இடத்தில் மகன் இல்லாவிட்டால் வேறு இடத்தில் இருப்பான், இடங்கள் கனக்க இருக்கின்றன என்று கேள்வி என்றார். பூசா முகாமில் சிலரை வைத்திருக்கிறார்களாம். காலி நகரிலும் இருக்கிறார்களாம். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“ஒரு யோசினை வந்தது தம்பி. படத்தில தெரியாட்டி என்ன, எழுத்தில போடலாந்தானே?”

“போடலாம் அம்மா” என்றேன்.

அவர் தன் வலது கன்னத்தில், காதடியில் தொடங்கி வாயோரம் வரை, விரலால் ஒரு தரம் மெதுவாகக் கீறிக் காட்டினார். நான் பழைய அறிவித்தலின் வெட்டுத் துண்டை எடுத்து, கடைசி வரிக்குக் கீழே சிவப்புப் பேனாவால் எழுதினேன்: வலது கன்னத்தில் சுமார் இரண்டு அங்குலத் தழும்பு உண்டு. எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். சரி என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை ஐந்தாம் பக்கத்தில், இரண்டாம் பத்தியில், படத்தோடு அறிவித்தல் வெளிவந்தது.